மணைப்பலகையில் கசிந்த மஞ்சள்

ஹலோ... ஆன்ட்டி, முதல்ல என் பேரச் சொல்லுங்க. அப்புறந்தான் அடுத்தது என்னன்னு நான் சொல்லுவேன்.

... ஆமா, சரியாத்தான் கேட்டீங்க. லைன்ல ஒரு கோளாறும் இல்ல. அஞ்சு நிமிஷம் முன்னாடி கட் பண்ணினது நாந்தான்.

... மைக்கு உங்க கையிலதான இருக்கு? இருபத்திரெண்டு பேரு எதுக்க உக்காந்திருக்காங்கள்லா? சொல்லுங்க. மணையில கோலம் போடுத இந்த ஸ்டென்சில் அம்புட்டையும் வெட்டினது இசக்கியம்மாள். சாயங்காலம் எல்லாருக்கும் கொடுக்கப் போற புஸ்தகத்த எழுதினதும் அவதான். அந்தா, ஹால ஒட்டின அந்த பேன்ட்ரிக்குள்ள உக்காந்திருக்கா. இவ்வளவுதான். ஒரு நிமிஷம் ஆகாது.

... ஆன்ட்டி, அந்த ஆமா ஆமா எனக்கா, அவங்களுக்கா? ... எனக்குன்னா சொல்லுங்க. காத்திருக்கேன்.

... இஷு இல்ல. இஷுன்னு யாரும் இல்ல. இசக்கியம்மாள் உங்க வாயில நுழையலன்னு நீங்களா வச்ச பேரு அது. என் பி.காம். டிகிரியில இஷுன்னு போடல.

... தெரியும். உங்க வீட்டுக்குச் சமைக்க வந்த நாள்ல இருந்து எங்கம்மா ஆயிரம் தடவ சொல்லியிருக்கா. அந்தம்மாட்ட என்ன வேணா கேளு, பேரு கீருன்னு மட்டும் கேட்டுடாதன்னு. ரெண்டு வருஷமா கேக்கல. நீங்க காதுல புளூடூத்த மாட்டிக்கிட்டு, முடிய இழுத்து விட்டு மறைச்சுக்கிட்டு, நான் சொல்லுதத அப்படியே அங்க சொல்லுவீங்க. இந்த மராத்தி ஊருல, பாணேர் பக்கம் இருக்க தமிழ்ப் பொம்பளைங்க பூராவும் ஸ்ரீலக்ஷ்மி மேடம் கை ராசின்னு சொல்லுவாங்க. நான் பேன்ட்ரியில உக்காந்து பிரஷ் கழுவுவேன். இன்னைக்குக் கேக்கேன்.

... என்னது? மெதுவாப் பேசாதீங்க, கேக்கல. ... மஞ்சளா? எங்க? ... வெள்ளைப் பெயிண்ட் மேலயா?

... இருங்க. இருங்க. எத்தன பேரு பலகையில? ... எல்லாருக்குமா!

ஆன்ட்டி, உண்மையச் சொல்லுங்க. நான் கீழ போயி தண்ணி கேன் தூக்கிட்டு வாரதுக்குள்ள நீங்க பலகைக்கு மஞ்சள் வச்சீங்களா? ... நாலு மூலைக்கும் நடுவுலயும். அஞ்சு எடம். தூளா, குழைச்சதா? ... நல்லெண்ணெயில குழைச்சு. ரொம்ப நல்லது. அதுக்கு மேலயே வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கீங்க.

... புது மணைக்கு மஞ்சள் குங்குமம் வைக்காம எப்படித் தொடங்கறதுன்னா, வைங்க, யாரு வேண்டாம்னா? அடிப்பக்கத்துல வைங்கன்னு சொன்னேன்லா? என் நோட்டுல ஏழாம் பக்கம் எழுதியே கொடுத்தேன். பெயிண்ட் அடிக்கற பக்கம் மஞ்சள் ஆகாது, வெள்ளைய முட்டிக்கிட்டு மேல ஏறி வரும், எத்தன கோட்டு அடிச்சாலும் வரும்னு. புஸ்தகத்துல அந்தப் பத்தியே காணல. மஞ்சள் வேண்டாம்னு அச்சுல போட்டா அபசகுனம்னு நீங்கதான் எடுத்துட்டீங்க. இப்ப இருபத்திரெண்டு பேரு பலகையிலயும் சகுனம் தெரியுது.

... கோவப்படாதீங்க, பல்லு தெரியுது. மைக்க அந்தப் பக்கம் திருப்புங்க.

... ஏன் தெரியாம? பரிமாற வச்சிருக்க ஜன்னல் ஷட்டர ஒரு சாண் தூக்கி வச்சிருக்கேன். எல்லாந் தெரியுது. உங்க கையில இருக்க டிஷ்யூவுல மஞ்சள் ஒட்டியிருக்கது வரைக்கும் தெரியுது.

... சொல்லுவேன். என் பேரச் சொல்லுங்க, சொல்லுவேன்.

... ஐயோ, அங்க பாருங்க, ரெண்டாவது டேபிள்ல! பச்சை சுடிதார் போட்டவங்க. பிரஷ்ஷ முக்கி முக்கி எடுக்காங்க, பாயசம் கிண்டுத மாதிரி. நிறுத்தச் சொல்லுங்க! ஸ்டென்சிலுக்கு அடியில பூராவும் ஓடிரும். ... பிரஷ் காஞ்சாப்புல இருக்கணும்னு சொல்லுங்க. நுனியில கொஞ்சூண்டு தொடணும், பழைய துணியில ஒத்தி ஒத்தி எடுக்கணும். இனிமே இதுல ஒண்ணும் இல்லன்னு தோணும்லா, அப்பந்தான் பலகைக்குப் போகணும். இழுக்கக் கூடாது. குத்தணும். நேரா மேல இருந்து கீழ, டொக் டொக்னு. ஓரத்துல இருந்து உள்ளுக்க வரணும். ... ஆமா, ஆமா, ஒரே தடவையில நிறம் வரலன்னு பயப்பட வேண்டாம். காயவிட்டு ரெண்டாம் தடவ குத்திக்கிடலாம்.

... ம். நல்லாத்தான் சொல்லுதீங்க. பாயசத்தையும் சேத்துச் சொல்லிட்டீங்க. சிரிக்காங்க பாருங்க. அந்தச் சிரிப்பும் என்னோடதுதான் ஆன்ட்டி.

... அது பதிலுக்கு எதுவும் கேக்காம சும்மா சொன்னது. அந்தம்மா பலகை பாழாப் போக வேண்டாம்னு சொன்னேன். மஞ்சளுக்குச் சும்மா சொல்ல மாட்டேன்.

... இப்படி மூக்கால பேசினா எப்படிப் புரியும்? டீ குடிக்கப் பத்து நிமிஷம்னு சொல்லிட்டு அந்த மீன் தொட்டிக்குப் பின்னால வாங்க. அங்க யாரும் இல்ல. ... வந்தாச்சா? சரி, இப்ப வாயத் தொறந்து பேசுங்க.

... ஏன் இன்னைக்குன்னா? நேத்து புஸ்தகத்தப் பாத்தேன். அதான் இன்னைக்கு.

... அட்டைய விடுங்க. அட்டையில உங்க போட்டோ, உங்க பேரு. அச்சுக்குக் கொடுத்தது நீங்க, அட்டை உங்களோடதுன்னே வச்சுக்கிடுவோம். உள்ள எழுபத்திரெண்டு பக்கம் இருக்கே, அது? பழைய எக்ஸ்ரே ஷீட்ட ப்ளீச்சிங் தண்ணியில ஊறப்போட்டுத் தேச்சா கண்ணாடி மாதிரி வரும், அதுல ஸ்டென்சில் வெட்டலாம்னு எழுதியிருக்கே, அது யாரு எக்ஸ்ரேன்னு தெரியுமா? எங்கப்பா லேத்து பட்டறையில கை முறிஞ்சு கிடந்தப்ப எடுத்தது. வட்டத்த முழுசா வெட்டினா நடுத்துண்டு கழண்டு விழுந்துரும், இடையில கொஞ்சம் வெட்டாம பாலம் விடணும்னு எழுதியிருக்கே, அதுக்கு எங்க வீட்டுல எத்தன துண்டு கழண்டு விழுந்துச்சுன்னு தெரியுமா? பட்டறையில இருந்து அப்பா கொண்டாந்த பெட்டிப் பலகையில முப்பத்தேழு பலகைய நாசமாக்கிக் கத்துக்கிட்டேன் ஆன்ட்டி. சாங்வியில, எங்க ஒரே ரூம் வீட்டுல, சமையல் முடிஞ்சு தரை காஞ்ச பொறவு.

... படிச்சேன். முன்னுரையும் படிச்சேன். எனக்கு உதவிய கைகளுக்கு நன்றின்னு இருக்கு. கைகளுக்கு! கைக்கு மேல தோள் இருக்கு, தோளுக்கு மேல தலை இருக்கு ஆன்ட்டி. அந்தத் தலைக்கு ஒரு பேரும் இருக்கு.

... அடுத்த பதிப்புலயா? ... இல்ல, கேக்கேன். சொல்லுங்க. ... ம். ... ம். ... அடுத்த பதிப்புல சின்ன எழுத்துல. சரி. இப்ப நான் சொல்லுதேன், நீங்க கேளுங்க.

நேத்து சாயங்காலம் அம்மாட்ட ஒரு புஸ்தகம் கொடுத்து அனுப்பினீங்க. பால் பாக்கெட்டு நனையட்டும், இது நனையக் கூடாதுன்னு சேலைக்குள்ள வச்சுக் கொண்டாந்தா. பெருமை. அவளுக்கு ஒரு எழுத்து தெரியாது. உங்களுக்கே தெரியுமே, மளிகை லிஸ்ட்ட நீங்கதான் படிச்சுக் காட்டுவீங்க. ஆனா என் பேரு மட்டும் தெரியும். என் டிகிரி வந்த அன்னைக்கு இதுல உன் பேரு எங்கட்டின்னு கேட்டா. அது இங்கிலீஷ்ல இருக்கும்மான்னு சொல்லி, பழைய காலண்டர் பின்னால தமிழ்ல பெருசா எழுதிக் காட்டினேன். அத ஒரு படம் மாதிரி மனசுல வச்சிருக்கா. நேத்து தரையில உக்காந்து, அரிசியில கல்லு பொறுக்குத மாதிரி, ஒவ்வொரு வரியா விரல வச்சுத் தேடினா. எழுபத்திரெண்டு பக்கமும். இல்லம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல. கடைசிப் பக்கத்த மூடிட்டு, கண்ணு சரியாத் தெரியலட்டின்னு சொன்னா.



... இல்ல, அழல. நான் எதுக்கு அழணும்? எரிச்சல்ல பேசுதேன்.

... பணம் பத்தி நான் பேசவே இல்லையே. பணம் கொடுத்தீங்க, சரி. அத எடுத்துக்கிட்டு இங்கன வராதீங்க. நான் கேக்கறது பேரு.

... ஏன் முடியாது? என்ன ஆகும்? சொன்னா என்ன ஆயிரும்? ... ஆமா, ரெண்டு வருஷமா ஏமாத்தினாங்கன்னு நினைப்பாங்க. நினைக்கட்டும். ஏமாத்தினது உண்மைதான?

... யாரது அழுதுக்கிட்டு? ... உங்களுக்குப் பின்னால. கடைசி டேபிள்ல. ... நீலா அக்காவா? நிக்டியில இருந்து வந்திருக்காங்களே, அவங்களா? ... அந்தப் பலகை இந்த ஞாயித்துக்கிழமைக்கா? ... அவங்க மக தேஜஸ்வினி உக்காரப் போற மணையா அது? கல்யாணத்துக்கே இதத்தான் போடப் போறாங்களா?

... வேற பலகை இல்லையா? ... அவங்க வீட்டுல தச்சர வச்சுச் செஞ்சு கொண்டாந்ததா. தச்சர் ஊருக்குப் போயிட்டாரா.

...

சரி. சரி, அவங்கள அழ வேண்டாம்னு சொல்லுங்க. இதுக்கு நான் ஒண்ணும் கேக்கல. பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் சொல்லுதத மட்டும் அப்படியே சொல்லுங்க, நடுவுல உங்களோடத சேக்காதீங்க. போங்க, மைக்க எடுங்க.

முதல்ல எல்லாரும் வெள்ளை அடிக்கறத நிறுத்தணும். மேல மேல வெள்ளை அடிச்சா மேல மேல மஞ்சள் வரும். ... ஆமா. வெயில் இருந்தா கவலையே இல்ல, மஞ்சளுக்கும் வெயிலுக்கும் ஆகாது, அரை நாள்ல வெளுத்துரும். வெளிய பாருங்க, நாலு நாளா விடாம ஊத்துது. அதனால அந்த வழி இல்ல.

மறைக்கப் பாக்க வேண்டாம்னு சொல்லுங்க. மஞ்சள் எங்க வந்திருக்கு? நாலு மூலையிலயும் நடுவுலயும். எல்லாருக்கும் ஒரே எடத்துல. அப்ப அத பூவாக்கிருவோம். ... ஆமா ஆன்ட்டி, பூவு. ஆறாம் நம்பர் ஸ்டென்சில், எட்டு இதழ் இருக்கும், அத எடுக்கச் சொல்லுங்க. கறைக்கு நடுவுல பூவோட நடுப்பொட்டு வரணும். இதழுக்கு மஞ்சள் பெயிண்ட், நடுவுல செகப்பு. கறை தானா பூவுக்குள்ள அடங்கிரும். அஞ்சு பூவையும் சேத்து கோலத்துக்கு இழை இழுத்தா முதல்லயே இப்படித்தான் நினைச்சு வரைஞ்ச மாதிரி இருக்கும்.

... அளவா? மூலைக்கு மூலை நூலப் பிடிச்சு பென்சில்ல லேசா ஒரு பெருக்கல் கோடு போடச் சொல்லுங்க. கோடு வெட்டுத எடந்தான் நடு. கண்ணால பாத்து வைக்கக் கூடாது, கண்ணு பொய் சொல்லும்.

... டேப்பு ஒட்டுதாங்களா? ஐயோ, நேரா பலகையில வேண்டாம்! முதல்ல சேலையில ஒரு தடவ ஒட்டி எடுக்கச் சொல்லுங்க. ... ஆமா, கட்டியிருக்க சேலையிலதான். பசை கொஞ்சம் செத்துரும். அப்பந்தான் உரிக்கையில அடியில இருக்க வெள்ளை கூட வராது. சுடிதார் போட்டவங்க துப்பட்டாவுல ஒட்டட்டும்.

... ம், குத்துதாங்க. நல்லா குத்துதாங்க. பச்சை சுடிதார்கூட இப்ப பரவால்ல.

நீலா அக்காவுக்கு இது ஒத்து வராது. ... ஏன்னா அவங்களுக்கு வெள்ளைக் கோலமும் செங்காவிக் கரையும்தான் வேணும், மாப்பிள்ளை வீட்டுல அப்படித்தான் கேட்டிருக்காங்கன்னு வந்தவுடனேயே சொன்னாங்கள்லா? நீங்க கேக்கல. நான் ஜன்னல் வழியா கேட்டேன். அவங்களுக்கு வேற வழி. கறை இருக்க எடத்துல பெயிண்ட் காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். இருநூத்திருபது நம்பர், மரத்தோட ரேகை போற பக்கமாத்தான் தேய்க்கணும், குறுக்க வேண்டாம். தூசியத் தொடச்சிட்டு பிரெஞ்சு பாலிஷ் ரெண்டு கோட்டு. தச்சு வேலைக்காரங்க அடிக்கறது, அரக்குல செய்யறது. அது மஞ்சள உள்ளயே பூட்டி வச்சுரும்.

... இருக்கு. எங்கிட்ட ஒரு பாட்டில் இருக்கு. நீங்க என்னைக்காவது இப்படிச் செய்வீங்கன்னு ஆறு மாசமா பையில வச்சிருக்கேன். ஷட்டர் வழியா நீட்டுதேன், வாங்கிக்கிடுங்க. ... இல்ல, நில்லுங்க. முதல்ல அந்தக் குத்துவிளக்க அணைங்க.

... குளிர வைங்க, மலையேத்துங்க, எப்படி வேணா சொல்லிக்கிடுங்க. தீ இருக்கக் கூடாது. இந்த பாட்டில்ல ஸ்பிரிட்டு இருக்கு, தொறந்தாலே மூக்குல ஏறும். ... நல்ல காரியத்துக்கு நடுவுலன்னா? விளக்குக்கு ரெண்டடி தள்ளி திரைச்சீலை ஆடுது ஆன்ட்டி. ... இல்ல. தர மாட்டேன். ... எவ்வளவு கோவப்பட்டாலும் தர மாட்டேன். இருபத்திரெண்டு பேரு உள்ள இருக்காங்க. விளக்கு குளிர்ந்தாத்தான் பாட்டில்.

... பூவால குளிர வச்சீங்களா? சரி. ரெண்டு ஜன்னலையும் தொறக்கச் சொல்லுங்க, சாரல் அடிச்சா அடிக்கட்டும். இந்தாங்க. பிடிங்க. கை தொட்டிரும்னு பயப்படாதீங்க, பிடிங்க.

... மெல்லிசா. பஞ்ச பழைய பனியன் துணியில சுத்தி, தொட்டுத் தொட்டு, ஒரே பக்கமா. ஒரு கோட்டு, அரை மணி காயணும், இன்னொரு கோட்டு, அப்புறந்தான் வெள்ளை. அவசரப்பட்டாங்கன்னா மறுபடி ஏறிரும். கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்குன்னு சொல்லுங்க, காலம் இருக்கு.

... சிரிக்காங்களா? நீலா அக்காவா? ... நல்லது.

...

என்ன சத்தம் அது? ... கை தட்டுதாங்க. ... ஆமா, தெரியுது, பலகைய தூக்கிக் காட்டுதாங்க. அஞ்சு பூவும் நல்லாத்தான் விழுந்திருக்கு. பச்சை சுடிதாரோட நடுப்பூ கொஞ்சம் கோணல், பரவால்ல.

... இப்ப என்ன சொன்னீங்க? ... எங்கிட்ட இல்ல. மைக்குல. எனக்கு போன்ல கேக்க வேண்டிய அவசியமே இல்ல, ஜன்னல் வழியாவே கேட்டுது. ராத்திரி பூரா யோசிச்சு வச்சிருந்த ஐடியாவா? அப்ப மஞ்சள் ஏறும்னு ராத்திரியே தெரியுமா உங்களுக்கு?

... எல்லாரும் கேட்டாங்க, என்ன சொல்லறதுன்னு தெரியலயா? நான் சொல்லித் தந்தேனே, ஹலோன்னு எடுத்ததும் முதல் வார்த்தையா அதத்தான சொல்லித் தந்தேன்?

... சரி. இன்னொரு வாட்டி கேக்கேன். கடைசி. இப்ப எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, யாருக்கும் கோவம் வராது. சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.

...

அவ்வளவுதானா?

... இல்ல, கேட்டேன். முழுசாக் கேட்டேன். எங்க வீட்டுச் சமையல்கார அம்மாவோட பொண்ணு, பாவம், கூடமாட ஒத்தாசைன்னீங்க. கை தட்டினாங்க. ரெண்டு பேரு திரும்பி ஜன்னலப் பாத்தாங்க. ஒருத்தங்க ஐயோ பாவம்னாங்க. பேரு எங்க ஆன்ட்டி?

... வேணும்னே விடலையா. மறந்துட்டீங்க. அஞ்சு செகண்டுல மறந்துட்டீங்க.

... என்னது? இன்னொரு தடவ சொல்லுங்க. மறுபடி மீன் தொட்டிகிட்டதான நிக்கீங்க, சத்தமாவே சொல்லலாம். ... அம்மாவ நினைச்சுப் பாக்கணுமா? ... நாளைக்கு அவ உங்க வீட்டு அடுப்படிக்கு வரணுமா வேண்டாமான்னு நான் யோசிச்சுப் பேசணுமா?

நல்லவேளை, கேட்டீங்க. உங்க வீட்டுச் சாவி கேட்ல வாட்ச்மேன்கிட்ட இருக்கு. போகும்போது வாங்கிக்கிடுங்க.

... விளையாடல. அம்மா காலையில சாம்பார் வச்சு இறக்கி, அடுப்பத் தொடச்சு, உங்க பெரிய குக்கரக் கழுவிக் கவுத்து வச்சிட்டு, சாவியக் கொடுத்துட்டு வந்துட்டா. நீங்க அப்ப யோகாவுக்குப் போயிருந்தீங்க.

... நான் சொல்லல! சத்தியமா நான் சொல்லல. நான் இரும்மா, போயி ஒரு வார்த்த கேட்டுப் பாக்கேன்னுதான் சொன்னேன். கேக்காதட்டி, கேட்டு வாங்குத பேரு நமக்கு வேண்டாம், வேற வீடு பாத்துக்கிடுவோம்னு அவதான் சொன்னா. இத்தன நாளா கேக்காத கேக்காதன்னு அவ சொன்னது உங்களுக்குப் பயந்துன்னு நினைச்சேன் ஆன்ட்டி. நீங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க.

... நானும் முடிவு பண்ணிட்டேன். காலையிலயே. நீங்க பேரச் சொல்லியிருந்தாலும் நாளையில இருந்து நான் வர மாட்டேன். போறதுக்கு முன்னால அத ஒரு தடவ மைக்குல கேக்கணும்னு ஆச. கேக்கல. சரி.

... அப்ப ஏன் வந்தேன்னா? இருபத்திரெண்டு பேரு பலகையும் இன்னைக்கு உங்க கையிலதான். நான் வராட்டி அத என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?

... ஏஜென்சிய, ஆர்ட் காலேஜ் பொண்ண, யார வேணா கூப்பிட்டுக்கிடுங்க. கூப்பிட்டா அவ பேரு என்னன்னு முதல்ல கேளுங்க.

... நான் ஒண்ணும் மிரட்டல. எனக்கு வேல கிடைக்குமான்னு நீங்க கவலைப்பட வேண்டாம். கிடைக்கும். கிடைக்காட்டி நாசமான முப்பத்தேழு பலகை வீட்டுல இருக்கு, அதுக்குப் பின்பக்கம் இன்னும் காலி.

... இருங்க, இத மட்டும் கேட்டுக்கிடுங்க, இது உங்களுக்கு இல்ல, அவங்களுக்கு. வார்னிஷ் இன்னைக்கு யாரும் அடிக்கக் கூடாது. இந்த ஈரத்துல ரெண்டு நாளாவது காத்தாட நிக்க வைக்கணும், படுக்க வைக்கக் கூடாது. தண்ணியில கலக்குத வார்னிஷ்தான், மெல்லிசா. நீலா அக்காகிட்ட தனியாச் சொல்லுங்க. சனிக்கிழமை உள்ளங்கைய அழுத்தி ஒரு நிமிஷம் வச்சுப் பாக்கணும், பிசுக்குன்னு ஒட்டுச்சுன்னா பொண்ண உக்கார வைக்கக் கூடாது, மேல துணி விரிச்சுத்தான் வைக்கணும். கல்யாணப் பட்டுல பெயிண்ட் ஒட்டினா பொறவு எந்த வித்தையும் உதவாது. ஸ்டென்சில காய விடாம இப்பவே கழுவச் சொல்லுங்க, ஓரம் தடிச்சிரும்.

... அவங்க கையில இருக்கது அவங்களுக்கே. எடுத்துக்கிட்டுப் போகட்டும். நான் முதல்ல வெட்டின செட்டு என் பையில இருக்கு, அது என்னோட வருது.

... ம். பிரஷ் எல்லாம் கழுவி தட்டுல வச்சாச்சு. தண்ணி கேன் மூலையில இருக்கு. பேன்ட்ரி லைட்ட அணைச்சாச்சு.

... பின்பக்கம் சர்வீஸ் கதவு எனக்கும் தெரியும். ரெண்டு வருஷமா அதுவழியாத்தான வந்தேன். இன்னைக்கு ஹால் வழியா இந்த முன்வாசல் கதவு.

... நீங்க என்னப் பாக்காதீங்க, அவங்களப் பாருங்க. எல்லாரும் உங்களத்தான் பாக்காங்க. காத விட்டு கைய எடுங்க, முடி ஒதுங்குது, புளூடூத்து தெரியுது.

வாரேன்க்கா! ... ஆமாக்கா, ரெண்டாவது கோட்டுக்கு அரை மணி. நல்லபடியா முடியும், தேஜஸ்வினிகிட்ட சொல்லுங்க. ... இல்லக்கா, மழையெல்லாம் ஒண்ணும் பண்ணாது.

... உங்ககிட்ட இல்ல ஆன்ட்டி, நீலா அக்காகிட்ட சொன்னேன்.

... ஆமா, கேட்டுது. வாசல்கிட்டதான் நிக்கேன். கிளாஸுக்கு வந்திருக்க அம்ருதா அக்கா மராத்தியில கேக்காங்க, ஹே குடே ஷிக்லாத்துன்னு. இவ்வளவும் எங்க கத்துக்கிட்டீங்கன்னு. மைக்க வேற உங்க வாய்கிட்ட கொண்டு வாராங்க.

... என்ன சொல்லணும்னு என்கிட்டயா கேக்கீங்க?

... இல்ல ஆன்ட்டி. இதுக்கு மட்டும் நான் சொல்லித் தர மாட்டேன். ... லிப்ட் வந்திருச்சு. வச்சிடுதேன்.